நடுங்குகிற கைக்கு ஏற்ற லென்ஸ்

அன்புள்ள பொடிசுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், நீ சந்தேகப்படுகிற என் வலது கையும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு. நீ என் மேல் கோபமாக இருப்பாய் என்று தெரியும், இருந்துவிட்டுப் போ. ஆனால் கோபம் வந்தால் உனக்குச் சாப்பாடு இறங்காது, அதனால் முதலில் சாப்பிட்டுவிட்டு வந்து இதைப் படி.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்லி, சரிம்மா வெக்கிறேன் என்று வைத்தும் விடுகிறாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். எழுத்து அங்கங்கே கோணிக்கொண்டு போகும், அதை நான் மறைக்கவில்லை, கை ஆடத்தான் செய்கிறது. அன்றைக்கு நான் ஹாலில் உட்கார்ந்து கடையிலிருந்து கொண்டுவந்த பெட்டியின் டேப்பைக்கூட முழுதாகக் கிழிக்கவில்லை, அதற்குள் போன் அடிக்கிறது, அந்தப் பொட்டியில என்னம்மா, யாரும்மா உன்ன ஏமாத்தினது என்று கேட்கிறாய். என் பாதுகாப்புக்கு என்று போன தடவை வந்தபோது ஹால் மூலையில் ஒரு கேமராவை மாட்டிவிட்டுப் போனாயே, அது திருடனைப் பிடிக்க என்றல்லவா நினைத்தேன், என்னைப் பிடிக்க என்று இப்போதுதான் புரிகிறது. லென்ஸ் என்று சொன்னதும் நீ கத்திய கத்தல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். டம்ளர பிடிச்சாலே கை ஆடுது, உனக்கு எதுக்கும்மா தூரத்து லென்ஸ், பேசாம தையல் மெஷின மூடிட்டு வீட்ட புரோக்கர்கிட்ட கொடுத்துட்டு இங்க வந்துடு என்றாய். நான் மாட்டேன் என்றேன். அப்போது நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பின்னால் மாற்றிப் பேசக்கூடாது. ஒரே ஒரு படம் ஆடாம அசையாம எடுத்துக் காட்டு, அப்புறம் அந்த வீட்டப் பத்தி நான் வாயே திறக்கமாட்டேன் என்றாய். மாப்பிள்ளை பின்னால் இருமியது எனக்குக் கேட்டது, அவர் சாட்சி.

இந்த வயதில் இது என்ன கூத்து என்று நினைக்கிறாய், அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நீ படிக்கும்போது வாங்கி, போகும்போது பரணில் போட்டுவிட்டுப் போன கேமராதான் இது. நான் அதைத் தொடக் காரணம் ஒரு திரை. நம் பால்கனிக்கு எதிரே எழும்புகிற கட்டடம் இப்போது நம் மாடி உயரத்தை நெருங்கிவிட்டது, அதன் பக்கத்தில் வானம் முட்ட ஒரு கிரேன். ஒருநாள் தலையில் ஹெல்மெட்டோடு ஒரு பெண் என் தையல் அறை வாசலில் வந்து நின்றாள், அக்கா, கேபின் கண்ணாடியில வெயில் நேரா கண்ணக் குத்துது, ஒரு திரை தைச்சுக் குடுப்பீங்களா என்றாள். எந்தக் கேபின் என்று கேட்டேன், கையை மேலே காட்டினாள். அந்த உச்சியில் உட்கார்ந்து கிரேனை ஓட்டுவது அவள்தானாம். நான் வாயைப் பிளந்தது இருக்கட்டும், என்னை அக்கா என்று கூப்பிட்டதற்கே அவளுக்குப் பாதிக் கூலியில் தைத்துக் கொடுத்திருப்பேன். நீலத் துணியில், வளையம் வைத்து, காற்றில் படபடக்காமல் இருக்கக் கீழே கனமாக ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

திரையை வாங்க வந்தபோதுதான் மனதில் இருந்ததைச் சொன்னாள். அவள் அம்மா வெளியூரில் இருக்கிறார். மகள் கிரேன் அடியில் நின்று ஆள் வருகை எழுதுகிறாள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், மேலே ஏறுகிறேன் என்றால் விளையாட்டு என்று சிரிக்கிறாராம். தன்னைத் தானே போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள், அதில் முகமும் வானமும்தான் இருக்கிறது, மொட்டைமாடியில நின்னு எடுத்தியா என்று கேட்டிருக்கிறார். கீழே இருந்து மற்றவர்கள் எடுத்தால் படத்தில் கிரேன் மட்டும்தான் தெரிகிறது, இவள் எள் அளவுக்குக்கூடத் தெரியவில்லை. அவள் உட்காரும் உயரத்துக்கு நேராக இருக்கிற ஒரே பால்கனி நம்முடையது. கூரை வேலை முடிந்ததும் கிரேனைக் கழற்றிவிடுவார்கள், அவள் வேறு ஊருக்குப் போய்விடுவாள். ஆகவே, வேணும்னா இதத் திருப்பிக் கொடு, வருஷக் கடைசியில நானே நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வர்றேன் என்று நீ சொன்னது எனக்கு உதவாது கண்ணே, உனக்காகக் கிரேன் காத்துக்கொண்டு நிற்காது.

உன் கேமராவில் இருந்த குட்டி லென்ஸில் எடுத்துப் பார்த்தேன், பாதிப் படம் வானம், ஓரத்தில் ஒரு புள்ளி. போனில் இழுத்து இழுத்து எடுத்தால் ஈரம் பட்ட கோலம் மாதிரி வந்தது. பிறகு கேமராவையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஏதோ பணக்கார அம்மா என்று நினைத்தாரோ என்னவோ, பீரங்கி மாதிரி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். வெளிச்சத்த நல்லா உள்ள வாங்கும்மா, சாயங்காலத்துலகூட பளிச்சுனு வரும் என்றார். வரும்தான், ஆனால் இதைத் தூக்க ஒரு ஆளையும் சேர்த்துத் தருவீர்களா என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்து இருப்பதிலேயே விலை குறைந்த ஒன்றை எடுத்து, இது முந்நூறு மில்லிமீட்டர் வரைக்கும் போகும் என்றார். என் பையில் இன்ச் டேப் எப்போதும் இருக்குமே, எடுத்து அளந்தேன். பாதிகூட இல்லை. மீதி எங்கே என்று கேட்டேன். மரியாதை தெரிந்த மனிதர், அலமாரிப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார், தோள் குலுங்கியதால் கண்டுபிடித்தேன். அந்த எண் லென்ஸின் உடம்பு நீளம் இல்லையாம், எவ்வளவு தூரத்தை இழுத்துக் கொண்டுவரும் என்கிற கணக்காம். சரி, அளவு என்று சொன்னால் அளப்பதுதான் என் தொழில், தப்பா என்ன?

பிறகு இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அது இருநூற்றைம்பதோடு நின்றுவிடும், விலையும் கொஞ்சம் கூட, ஆனா இதுல ஸ்டெபிலைசர் இருக்கும்மா என்றார். நான் உடனே, ஸ்டெபிலைசர் வேண்டாம், வீட்டில் ஃபிரிட்ஜுக்கே ஒன்று இருக்கிறது, அது இல்லாமல் என்ன விலை என்று கேட்டுவிட்டேன். இந்தத் தடவை அவர் அலமாரிப் பக்கம் திரும்பவில்லை, நேராகவே சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்ய. கரண்டு ஏறி இறங்குவதற்கு இல்லையாம், கை ஏறி இறங்குவதற்காம். உள்ளே ஒரு கண்ணாடி இருக்கிறது, நம் கை ஒரு பக்கம் ஆடினால் அது மறுபக்கம் நகர்ந்து சமாளித்துக்கொள்ளும் என்றார். சொன்னால் போதுமா, காட்டுங்கள் என்றேன். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடத்தில் பெரிய கடிகாரம் இருந்தது. இரண்டு லென்ஸிலும் நானே என் கையால் எடுத்தேன். முந்நூறில் கடிகாரம் பெரிதாக இருந்தது, முள் எது எண் எது என்று தெரியவில்லை. இருநூற்றைம்பதில் சற்றுச் சிறிதாக, மணி பார்க்கிற மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற கல்யாண வீட்டுப் போட்டோக்காரர், நம்பர் பெருசா இருக்கறத வாங்குங்க ஆன்ட்டி, நாளைக்கு உதவும் என்று புத்தி சொன்னார். கிழிந்த துணியை ஒரு முழம் அதிகமாகக் கொடுத்தால் வாங்குவீர்களா தம்பி என்று கேட்டேன், அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நீ கேட்டாயே யார் ஏமாற்றியது என்று, ஒருவரும் இல்லை. நான் வாங்கியது அந்த இருநூற்றைம்பதுதான், அதுவும் யாரோ பயன்படுத்திவிட்டுக் கடையில் விற்றுப் போன பழைய லென்ஸ், புதிது வாங்க எனக்கு என்ன பைத்தியமா. உள்ளே டார்ச் அடித்துப் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன், வளையத்தைத் திருகி மணல் அரைக்கிற மாதிரி சத்தம் வருகிறதா என்று கேட்டேன், உன் கேமராவில் மாட்டிக் கழற்றி மறுபடி மாட்டினேன். நீ கல்யாணப் புடவை எடுத்தபோதுகூட இவ்வளவு பார்க்கவில்லை.

கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ பயப்படுவதில் தப்பில்லை, நானும் பயந்தேன். உனக்குச் சொல்லாமல் நரம்பு டாக்டரிடம் போய்வந்தேன். விரலை மூக்கில் வை, நேராக நட, இந்த வட்டத்தை வரை என்று சின்னப் பிள்ளை மாதிரி எல்லாம் செய்யச் சொன்னார். நீ நினைக்கிற அந்தப் பெரிய வியாதி இல்லை, சில பேருக்கு வருகிற நடுக்கம், மாத்திரை போடுங்க, வேலைய மட்டும் விட்டுடாதீங்க என்றார். கடைசியில் சொன்னதை இரண்டு முறை படி.

முதல் நாள் எடுத்த படங்கள் எல்லாம் பாழ். ஒன்றுகூடத் தேறவில்லை. பொய் சொல்லமாட்டேன், அழுகை வந்தது. நீ சொன்னதுதான் சரியோ, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதானோ என்று அந்தப் பால்கனியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் லென்ஸைத் துடைக்கும்போது பார்க்கிறேன், பக்கத்தில் இருக்கிற ஸ்டெபிலைசர் பொத்தான் அணைந்து கிடக்கிறது. அணைத்தது யார்? நான்தான். எந்த அறையை விட்டு வெளியே வந்தாலும் ஸ்விட்சைத் தட்டிவிட்டு வருகிற கை இது, நீ குளித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துத் திட்டு வாங்கிய கை. லென்ஸை உறையில் போடும் முன்னால் தன்னை அறியாமல் அதையும் அணைத்திருக்கிறது. அன்று நான் சிரித்த சிரிப்பை உன் ஹால் கேமரா பார்த்திருக்காது, அதற்குப் பால்கனி எட்டாது.

மறுபடி எடுத்தேன். பொத்தானைப் போட்டாலும் கிரேன் ஆடினால் படம் ஆடும், அது நம் கையை மட்டும்தான் பார்த்துக்கொள்ளுமாம். ஆகவே கிரேனை நிறுத்திவிட்டு அவள் சாப்பிட எழுந்திருக்கிற நேரம் வரை காத்திருந்தேன். மிச்சத் துணியில் ஒரு குட்டித் தலையணை தைத்து, தானியம் நிரப்பி, கைப்பிடிச் சுவர் மேல் போட்டு அதன் மேல் லென்ஸைச் சாய்த்தேன். ஊசியில் நூல் கோக்கும்போது மூச்சைப் பிடிப்பேன் அல்லவா, அப்படிப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

அந்தப் படம்தான் இதோடு வைத்திருப்பது. கேபின் கதவைத் திறந்து நிற்கிறாள், ஒரு கை கம்பியில், மறு கையில் சாப்பாட்டு டப்பா, அவளுக்குக் கீழே நகரம் முழுக்கக் கிடக்கிறது. முகத்தைப் பார்த்துவிட்டு அவளுக்குப் பின்னால் இருக்கும் நீலத் திரையைப் பார். கீழ் ஓரத்தில் என் தையல் ஓடுகிறது, கொசுவம் எத்தனை என்று எண்ணலாம். பூதக்கண்ணாடி வேண்டாம், உன் கண்ணே போதும்.

அவள் பிரதி எடுத்துத் தன் அம்மாவுக்கு அனுப்பினாள். அந்த அம்மா பார்த்ததும் போன் போட்டு முதலில் சொன்னது என்ன தெரியுமா? பாவி, இறங்கி வாடி என்றாராம். இவள் அதற்கு, நான் இறங்கமாட்டேன்மா, நல்லாத்தான் இருக்கேன், அதான் படத்துல தெரியுதே, பாத்துக்கோ என்று சொல்லியிருக்கிறாள். இதை என்னிடம் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை, உன் ஞாபகம்தான் வந்தது. அந்த அம்மாவுக்கு மகள் சொன்னதை நான் என் மகளுக்குச் சொல்கிறேன். நான் இறங்கமாட்டேன். புரோக்கரிடம் நேற்றே சொல்லிவிட்டேன், இந்தப் பக்கம் வந்தால் அவர் வீட்டு ஜன்னலை அளந்து திரை தைத்துத் தருவேன், வேறு பேச்சு கிடையாது என்று.

இன்னொன்று. இனி உன் போனில் ஹாலைப் பார்த்தால் நீலமாகத் தெரியும். வயர் அறுந்துவிட்டது என்று பயந்து ஆள் அனுப்பாதே. கிரேன் திரையில் மீந்த துணியில் உன் கேமராவுக்கும் ஒன்று தைத்துவிட்டேன், குட்டி வளையம், இழுக்க ஒரு கயிறு, எல்லாம் அளவெடுத்துத்தான். தினமும் காலையில் காப்பி டம்ளரோடு வந்து நானே கயிற்றை இழுப்பேன், உனக்கு முகத்தைக் காட்டுவேன், டம்ளர் ஆடுவதையும் காட்டுவேன். அப்புறம் மூடிவிட்டு வேலையைப் பார்ப்பேன். ஒருநாள் திறக்காவிட்டால் பதறு, உனக்கு உரிமை இருக்கிறது. திறந்திருக்கிற நேரத்தில் சிரித்த முகமாகப் பார்.

பேரனுக்கு என் முத்தம். மாப்பிள்ளையின் இருமலுக்கு மருந்து வாங்கிக் கொடு, சாட்சிக்குக் குரல் முக்கியம். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், நினைத்த இடத்தில் நினைத்தபடி நீண்ட நாள் வாழ வேண்டும், எனக்கும் அதையே வேண்டிக்கொள். கொசுவத்தை எண்ணிவிட்டுப் பதில் எழுது. போன் செய்யாதே, எழுது.

இப்படிக்கு,
கொடுத்த வாக்கை உனக்கு ஞாபகப்படுத்தும்,
கை ஆடினாலும் படம் ஆடாத
உன் அம்மா