தண்ணீரை நிறுத்தலாமா என்று ஊர் பேசிய வாரம்

ஜனவரி 29, 2017. ஞாயிறு

நீரேற்று நிலையம் நின்றுவிட்டது. நேற்று மாலைக் குண்டுவீச்சில் அதற்கு மின்சாரம் வரும் கம்பி அறுந்திருக்கிறது. முதலில் சொன்னவர் ஸ்தெபானிச், எங்கள் கிரெமியானா ஊரின் வீடுகளுக்கெல்லாம் குழாய் வழியே வெந்நீர்ச் சூடு அனுப்பும் கொதிகலன் கூடத்தின் தலைவர். பிறகு மாவட்ட நிர்வாகத்தின் பணிநேர அதிகாரியும் தொலைபேசியில் உறுதி செய்தார். இரண்டு வாய், ஒரே செய்தி. எட்டு மணிக்கு வானொலியில் படித்துவிட்டேன்.

அந்த நிலையம் இரண்டு படைகளுக்கும் நடுவே, யாரும் உழாத வயலில் நிற்கிறது. வாய்க்கால் நீர் நம் பக்கத்திலிருந்து போகிறது, மின்சாரம் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. சுத்திகரித்த தண்ணீர் இரண்டு பக்கத்துக்கும் பாய்கிறது. போர் தொடங்கிய பிறகு இது மூன்றாவது குளிர்காலம். மற்றதெல்லாம் உடைந்தும் இந்த ஒரு ஏற்பாடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே உறைநிலைக்குக் கீழே பத்தொன்பது டிகிரி. ஸ்தெபானிச்சிடம் எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டேன்.

“தொட்டியில இருக்கறத வெச்சு வியாழன் வரைக்கும் ஊரைச் சூடா வெச்சிருப்பேன், பாவ்லிவ்னா. அப்புறம் எல்லாக் குழாயையும் காலி பண்ணணும். இல்லன்னா உறைஞ்சு வெடிச்சிடும்.”

“காலி பண்ணினா?”

“பண்ணினா, ஜனங்களை பஸ்ஸுல ஏத்தணும். வசந்தம் வரைக்கும் இங்க நாய்கூட இருக்க முடியாது.”

போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள்? இதை அவரிடம் கேட்கவில்லை.

ஜனவரி 30. திங்கள்

போஹ்தான் ருதிக் வானொலி அறைக்கு வந்தார். நகர்மன்ற உறுப்பினர், முப்பத்து நான்கு வயது. போருக்கு முன் அதே நீரேற்று நிலையத்தில் மெக்கானிக்காக இருந்தவர், பிறகு ஒன்றரை வருடம் போர்முனையில். தம்பி நசார் போன வசந்தத்தில் அந்த வயலின் ஓரத்தில்தான் இறந்தான். இப்போது மன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறார். நிலையத்தைச் சரிசெய்தாலும், அந்தப் பக்கம் போகும் வால்வை மூடி வெல்டிங் செய்துவிட வேண்டுமாம்.

“நம்ம தண்ணியக் குடிச்சிட்டு நம்ம மேலேயே சுடறான். அங்க தண்டவாளத்துல நம்ம பசங்க நெருப்பு மூட்டி உக்காந்து, அவன் பக்கத்திலேருந்து வர்ற நிலக்கரி ரயிலை மறிக்கறாங்க. நாம இங்க குழாயத் திறந்து விட்டுட்டு உக்காந்திருக்கோம். இதை ரேடியோவுல படிங்க.”

“நான் எதுக்குப் படிக்கணும்? நீயே மைக் முன்னாடி சொல்லு. எதிர்ல ஸ்தெபானிச்ச உக்கார வைக்கறேன். ஜனங்க போன் பண்ணட்டும்.”

“நேரடியாவா?”

“நேரடியா.”

போர் வந்த பிறகு இந்த ஊரில் ஒரு நேரடி விவாதம்கூட நடக்கவில்லை. யார் என்ன நினைக்கிறார்கள் என்பதை அடுப்படியில்தான் பேசுகிறார்கள், அதுவும் ஜன்னலைச் சாத்திவிட்டு. முப்பத்தோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இன்றைக்கு என்னவோ வேலைக்குப் புதுசா சேர்ந்த பொண்ணு மாதிரி இருக்கேன். கேள்விகளை எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

ஜனவரி 31

நாளை மாலை ஐந்து மணி. ஒலிபரப்பியை மிரோன் இரண்டு முறை சோதித்துவிட்டான். வானொலியில் வேலைக்கு அவனும் நானும் மட்டும்தான். கைபேசிக் கோபுரம் அடிபட்டுக் கிடக்கிறது, அதனால் பழைய கம்பித் தொலைபேசிதான் கதி. யாராவது கூப்பிடுவார்களா?

பிப்ரவரி 1. புதன்

கூப்பிட்டார்கள்! ஐயோ, யார் கூப்பிட்டார்கள்!

நிதானமாக எழுத வேண்டும். முதலிலிருந்து.

பண்பாட்டு மாளிகையின் நிலவறையில்தான் எங்கள் அறை. இருபது பேர் உட்காரும் இடத்தில் நாற்பது பேர் கோட்டோடு நின்றார்கள். எல்லோர் வாயிலும் ஆவி. ருதிக் முதலில் பேசினார், நன்றாகவே பேசினார். தம்பியின் பெயரைச் சொன்னபோது குரல் உடையவில்லை.

“எதிரிக்குத் தண்ணி ஊத்தற ஊர் உலகத்துல வேற எங்க இருக்கு? சொல்லுங்க ஸ்தெபானிச்.”

ஸ்தெபானிச் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “எதிரிகிட்டேருந்து கரண்டு வாங்கற ஊரும் வேற எங்கயும் இல்ல. வால்வை நீ மூடு, அவன் சுவிட்சை மூடுவான். அப்புறம் நம்ம பம்பு எதுல ஓடும், உன் கோபத்துலயா?”

சிரிப்பு. ருதிக்கும் சளைக்கவில்லை. “மூணு வருஷமா இதே பேச்சு. நாளைக்கு அவன் இன்னொண்ணு கேப்பான், அதுக்கும் தலையாட்டுவீங்க. தரைக்கடியில பழைய மின்கம்பிப் பாதை இருக்கு, அது வழியா நம்ம பக்கத்திலேருந்து புதுசா லைன் இழுங்க!”

“இழுக்கலாமே. ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் உன் பொண்டாட்டி எதுல குளிர் காய்வா?”

பின்னாலிருந்து ரொட்டிக் கடை ஒக்சானா கத்தினாள்: “ரெண்டு பேரும் சரியாத்தான் பேசறீங்க. எங்க வீட்டைச் சூடாக்கற ரேடியேட்டர் யார் கட்சின்னு அதையும் சொல்லிடுங்க!”

அப்போதுதான் தொலைபேசி எண்ணை அறிவித்தேன். எப்போதும் சொல்கிற அதே ஆறு இலக்கம். முன்னால் ஊர்க் குறியீடு எதுவும் சொல்லவில்லை, என்றைக்குமே சொன்னதில்லை. தொலைபேசிக் கணக்கில் நாங்கள் எப்போதும் அந்தப் பக்கத்துப் பெருநகரத்தின் ஒரு மூலைதான். இணைப்பகமே அங்கேதான் இருக்கிறது. வயலுக்கு அடியில் போகும் கேபிளை இன்றுவரை யாரும் வெட்டவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

மணி அடித்தது. ஒரு பெண் குரல்.

“வணக்கம். லெனின் தெருவிலேருந்து பேசறேன்.”

எங்கள் ஊரில் இப்போது லெனின் தெரு கிடையாது. போன வருடம்தான் பெயரை மாற்றினோம்; அந்தப் பக்கத்தில் மாற்றவில்லை.

“கட் பண்ணு!” என்றார் ருதிக். மிரோனின் கை சுவிட்சுக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன்? யோசித்துச் செய்யவில்லை.

“எதுக்குக் கட் பண்ணணும்?” என்றது குரல். “தண்ணியப் பத்தித்தானே பேசறீங்க? நாங்களும்தான் வாளி தூக்கறோம். நான் நெல்லா ஹ்னாதிவ்னா. முன்னாடி அந்த நிலையத்துல ஷிஃப்ட் பொறுப்பாளர். இப்ப இங்க மின்வாரியத்துல இருக்கேன்.”

நீங்கள் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டேன். அதற்குள் ருதிக் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நான் கேக்கறேன். மூணாவது பம்பை எப்படி ஸ்டார்ட் பண்ணுவீங்க?”

“வயித்துல ரெண்டு உதை விட்டு. கையேட்டுல அது இருக்காது. இரு இரு. இது யாரு, நம்ம குட்டி போஹ்தான்சிக்கா? வண்டல் தொட்டிக்குள்ள விழுந்து, என் கோட்டைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனவன்தானே நீ? அந்தக் கோட்டு இன்னும் வந்து சேரல!”

சிரித்த சிரிப்பில் நிலவறை இடிந்து விழாதது ஆச்சரியம். ருதிக்கின் காது இரண்டும் பீட்ரூட். “பொத்தான் பிஞ்சிடுச்சு, நெல்லா ஹ்னாதிவ்னா,” என்றார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

பிறகு அவள் சொன்னதுதான் செய்தி.

“எங்க ஆளுங்க கம்பியும் ஏணியுமா வண்டியில உக்காந்திருக்காங்க. வயலுக்குள்ள போறதுக்கு ரெண்டு பக்கமும் சுடாம இருக்கணும். அந்த நேரத்தைக் கண்காணிப்பாளர்கள்கிட்ட உங்க பக்கம் கேக்க மாட்டேங்குதாமே?”

ஸ்தெபானிச் எழுந்தே விட்டார். “நாங்க கேக்கலயா? நீங்கதான் முடியாதுன்னுட்டீங்கன்னு சொன்னாங்க!”

“யார் சொன்னா?”

“மேல. உங்களுக்கு?”

“எங்களுக்கும் மேலதான்.”

ருதிக்தான் திரும்பத் தொடங்கினார். “அதுக்காக உங்க ஆளுங்க எங்க மேல சுடறது இல்லன்னு ஆயிடுமா?”

“என் அடுப்படிச் சுவத்துல ஒரு ஓட்டை இருக்கு, போஹ்தான்சிக். அது உங்க பக்கத்திலேருந்து வந்தது. சண்டைய அப்புறமா போடலாம், நான் எங்கயும் ஓடிப் போகல. முதல்ல கம்பியக் கட்டுங்க.” பிறகு தாழ்ந்த குரலில்: “நசாரைப் பத்திக் கேள்விப்பட்டேன். இங்க அதை யார்கிட்ட சொல்லி அழறது?”

இணைப்பு கரகரத்து அறுந்தது.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே நின்று சண்டையைக் கவனிக்கும் சர்வதேசக் கண்காணிப்பாளர்களின் பணிநேர அறைக்குப் போன் போட்டேன். ஒரே கேள்வி: சுடாத நேரம் வேண்டும் என்று இந்த வாரம் எந்தப் பக்கமாவது கேட்டதா? பதில்: இரண்டு பக்கமும் கேட்கவில்லை. ஒன்பது மணிச் செய்தியில் படித்தேன். சந்தோஷமா, பயமா? ரெண்டும்தான்!

பிப்ரவரி 2. வியாழன்

காலையிலேயே ஒரு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர். பெயர் வேண்டாம். “எதிரிய மைக்குல ஏத்தியிருக்கீங்க.” நான் ஏத்தலைங்க, அந்தம்மாவே நம்பரைச் சுத்தி வந்தாங்க. “உரிமம் என்ன ஆகும் தெரியுமா?” தெரியும். தெரியாமலா முப்பத்தோரு வருஷம் உக்காந்திருக்கேன்? மொத்த ஊரும் வாயத் திறந்த ஒரே நாளு, அதுக்கு வந்து என்னக் கேள்வி கேக்கறாங்க. கோபத்தில் ஒலிப்பதிவைக் கொடுத்து அனுப்பினேன். முழுசாகக் கேட்கட்டும், கோட்டுக் கதையோடு.

மதியம் நிர்வாகக் கட்டடத்தில் விசாரித்தேன். ருதிக் விடிந்ததிலிருந்து அதிகாரியின் அறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். சுடாத நேரம் கேட்கும் கடிதத்தில் கையெழுத்தாகும் வரை நகரவில்லையாம். அந்தப் பக்கமும் கேட்டிருக்கிறது என்று மாலையில் கண்காணிப்பாளர்கள் சொன்னார்கள். நாளை காலை ஒன்பது முதல் மூன்று வரை சுட மாட்டோம் என்று இரு தரப்பும் ஒப்புதல்.

இன்று வியாழன், தொட்டி தீரும் நாள். கொதிகலன் கூடத்துக்கு ஓடினேன். ஸ்தெபானிச் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, வடிகால் வால்வின் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

“சட்டப்படி இதை இப்பத் திறந்துவிடணும், பாவ்லிவ்னா.”

“திறக்கப் போறீங்களா?”

“இதோட திருகு துருப்பிடிச்சுப் போச்சு. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் திறக்க வராது.”

திருகில் எண்ணெய் பளபளத்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதாவது, இங்கே தவிர.

பிப்ரவரி 3. வெள்ளி

நம் பக்கத்துப் பழுதுபார்க்கும் குழுவோடு ருதிக்கும் போயிருக்கிறார். நிலையத்துக்குள் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் வேறு யாரும் மிச்சமில்லை.

சோதனைச் சாவடியில் நிற்கிறேன். பேனா உறைகிறது, பென்சிலால் எழுதுகிறேன்.

இரண்டு வெடிச் சத்தம். வயல் பக்கம்தான்.

இன்னும் தகவல் இல்லை. யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால்? அந்தப் போனை நான் கட் பண்ணியிருந்தா இவங்க இப்ப அங்க போயிருக்கவே மாட்டாங்களே.

எல்லோரும் பள்ளத்தில் படுத்திருந்தார்கள். ஒருவருக்கும் அடி இல்லை. திரும்ப எழுந்து கம்பத்தில் ஏறியிருக்கிறார்கள் — இரண்டு பக்கத்து ஆட்களும்! சொன்னவர் கண்காணிப்பாளர்களின் ஓட்டுநர். தொலைநோக்கியில் தானே பார்த்ததாகச் சொன்னார்.

இருட்டுவதற்கு முன், வயலுக்கு நடுவில் நிலையத்தின் ஜன்னல்களில் விளக்கு. சாவடிச் சிப்பாய் கத்தினான்: “எரியுது! அம்மா, எரியுது!” என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். என் எடைக்கு!

பிப்ரவரி 4. சனி

கொதிகலனுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. உறுதி செய்தவர் ஸ்தெபானிச். இரண்டாவது சாட்சி என் குளியலறைக் குழாய்: முதலில் இருமியது, பிறகு தேநீர் நிறத்தில் துப்பியது. பத்து நிமிடம் அங்கேயே நின்று பார்த்தேன். மேல் மாடியில் யாரோ வாளியால் தரையைத் தட்டித் தட்டிப் பாடுகிறார்கள். பாடட்டும்.

பிப்ரவரி 6. திங்கள்

அந்தப் பக்கமும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது என்று நீர் நிறுவனத்தின் அறிக்கை சொல்கிறது. லெனின் தெருவுக்குப் போனதா என்று தெரியவில்லை. தொலைபேசி இணைப்பு இரண்டு நாளாக இரைச்சல்தான்.

வானொலி உரிமம் பற்றிய முடிவு பதினைந்தாம் தேதிக்குள் வருமாம். எழுத்தில் எதுவும் வரவில்லை.

வால்வுத் தீர்மானம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. வாபஸ் வாங்கப்போகிறாரா என்று ருதிக்கைக் கேட்டேன். “இல்லை” என்று மட்டும் சொன்னார். நாளை செவ்வாய், காலை பத்து மணிக்கு மன்றம் கூடுகிறது. யார் எந்தப் பக்கம் பேசுகிறார்கள் என்று கேட்க மன்றச் செயலாளருக்குப் போன் செய்தேன். அவர் படித்தார்:

“ஆதரிச்சுப் பேசறவர், போஹ்தான் ருதிக். எதிர்த்துப் பேசறவர், போஹ்தான் ருதிக்.”

“தப்பா எழுதியிருக்கீங்க.”

“நானும் அப்படித்தான் சொன்னேன், பாவ்லிவ்னா. ரெண்டு பேருக்கும் சமமா நேரம் குடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.”