கால் படாத போர்வை

வியாழன், இரவு

எரிச்சல் அடங்கவில்லை. டயாலிசிஸ் படுக்கையில் குளிர் தாங்கவில்லை என்று சிம்பாங் பூலாயில் இருக்கும் லெட்சுமி அக்கா அழுததால்தான், மூன்று மாதம் உட்கார்ந்து பழைய சேலைத் துண்டுகளை இணைத்துக் கையாலேயே போர்வை தைத்துக் கொடுத்தேன். இன்று அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அது சாமி மேடையில் இருக்கிறது! நான்கு மூலையிலும் மஞ்சள், மேலே பூ வேறு. அக்காவோ ஒரு மெல்லிய துவாலையைச் சுற்றிக்கொண்டு நடுங்குகிறார்.

“ஏன்க்கா போத்திக்கல?” என்றேன்.

“தையலுக்குத் தையல் முருகான்னு சொல்லித் தச்சேன்னு நீதானே சொன்ன, சரசு? அதுல கால் பட்டா பாவம் லா.”

அவருக்குத் தைரியம் வரட்டும் என்று சொன்னது. என் வாயைத்தான் முதலில் தைத்திருக்க வேண்டும். நானே எடுத்துப் போர்த்தப் போனேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு காலை இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொன்று தொடங்கிவிட்டேன். இதை அக்காவைத் திட்டிக்கொண்டேதான் தைப்பது, திட்டித் தைத்தேன் என்று சொல்லியே கொடுப்பது என்று முடிவு. அப்போதாவது காலில் போட்டுக்கொள்வார். ஆனால் ஊசி துணியில் இறங்கி ஏறுகிற சுகத்தில் கோபம் எங்கோ போய்விட்டது. ஒரு வரிசை முடிந்த பிறகுதான் கவனித்தேன், வாய் முருகா, முருகா என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

அக்காவிடம் மூச்சு விடக் கூடாது.