பட்டினி கிடக்க மறுத்தவை

பிப்ரவரி 4

சாகவில்லை. மூன்றாவது தடவையாகப் பட்டினி போட்டும், கணையப் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்து நான் வளர்க்கும் செல்கள் தட்டில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கு ஊற்றிய மீடியத்தில், அதாவது சத்துநீரில், அமினோ அமிலம் துளிகூடக் கிடையாது. கலக்கியது நானே. தீனியை நிறுத்தினால் கட்டி செத்துவிடும் என்பது இந்த நிறுவனத்தில் என் நெடுநாள் கட்சி. செல்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இயக்குநர் சிரித்துக்கொண்டே சொன்னார்: மாதக் கடைசிக் கூட்டத்தில் காட்ட ஒன்றும் இல்லையென்றால் ஆய்வகத்தைக் காலி செய்துவிட்டு, முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கப் போகலாமாம். என் பதவி உயர்வை நிறுத்தியபோதும் இப்படித்தான் சிரித்தார்.

பிப்ரவரி 5

யாரோ தீனி போடுகிறார்கள். வேறு யார், மைத்துனன்தான். மனைவியின் தம்பி. என் சிபாரிசில் உள்ளே வந்தவன். இன்று ஜன்னல் வைத்த அறை அவனுக்கு, ஃப்ரீசர் உறுமும் அறை எனக்கு.

பிப்ரவரி 6

மனைவியிடம் சொன்னேன். "அவன் வெச்ச செடிக்கே தண்ணி ஊத்த மாட்டான். உங்க செல்லுக்கு வந்து சோறு ஊட்டுவானாக்கும்" என்றாள்.

நியாயம்தான். ஆனாலும் செல் தட்டுகள் இருக்கும் இன்குபேட்டருக்கு ஒரு பூட்டு வாங்கினேன்.

பிப்ரவரி 11

பூட்டியும் பெருத்திருக்கின்றன. இனி அவனைச் சந்தேகப்பட வழியில்லை. பெரிய நஷ்டம்.

பிப்ரவரி 12

மீடியத்தில் இருப்பதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். உப்பு, சர்க்கரை, வைட்டமின், கொழுப்பு. கொழுப்பைச் சுமந்துவர அல்புமின் — ரத்தத்தில் நிறைந்திருக்கும் புரதம். அதை நான் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது வண்டி, அவ்வளவுதான் என்று விட்டிருந்தேன்.

ஆனால் புரதம் என்றாலே அமினோ அமிலங்களைக் கோத்த சரம்தானே? தீனியை நிறுத்திவிட்டேன் சரி — வண்டியையே தின்கின்றனவா? முழுசாகவா? வாய் ஏது?

அல்புமினில் பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றினால் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். அதைக் காட்டும் மைக்ராஸ்கோப் மைத்துனன் அறையில் இருக்கிறது.

கேட்க மாட்டேன்.

பிப்ரவரி 16

கேட்டேன்.

தலை நிமிராமலே, "ஆறு வருஷமா அக்காகிட்டதான சொல்லி அனுப்பறீங்க. இன்னிக்கு அக்கா லீவா?" என்றான். திரும்பியிருப்பேன். முதலாண்டு மாணவர்கள் கண்ணுக்குள் வந்தார்கள். நின்றேன். அவனே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தோம். செல்லின் ஓரம் உதடு மாதிரி எழும்புகிறது, மடிகிறது, வெளியே இருப்பதை ஒரு குமிழாக மொண்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். அங்கே வைத்து அறுத்துத் தின்கிறது, திருட்டுப் பயல்.

"அத்தான், நீங்க கேட்டைப் பூட்டிட்டு நிக்கறீங்க. அது மதில் சுவத்தையே கடிச்சுத் தின்னுது."

சிரித்துவிட்டேன். அவன் எதிரிலேயே. சே.

பிப்ரவரி 20

அல்புமினையும் நிறுத்திய தட்டில் செல்கள் சுருண்டுவிட்டன. ஆனால் உடம்பில் அப்படிச் செய்ய முடியாது. கட்டிக்கு முன்னால் நோயாளி போய்விடுவார். அல்புமின் இருக்கட்டும், விழுங்கும் வாயை அடைப்போம் என்கிறான் மைத்துனன். அதற்கான மருந்தும் அவனிடம் இருக்கிறதாம். அவனிடம் எதுதான் இல்லை.

பிப்ரவரி 26

நிறைய அல்புமின், கூடவே மருந்து. காலையில் பார்த்தால் தட்டு முழுக்கச் சுருங்கிய செல்கள். சுற்றிலும் தீனி, தின்ன வழியில்லை.

"அத்தான், சாகுது" என்றான். இந்தத் தடவை நாற்காலியை நான் இழுத்துப் போட்டேன், அவனுக்கு.

பிப்ரவரி 28

ஆய்வகம் தப்பியது. ஒரு வருடத்துக்கு. இதைத்தான் அப்போதே எதிர்பார்த்தேன் என்றார் இயக்குநர். சிரித்துக்கொண்டே.

மார்ச் 9

அடுத்தது எலி. மருந்தைக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும் என்கிறேன் நான், அவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆய்வகத்தில் ஆரம்பித்த சண்டை பஸ்ஸில் தொடர்ந்து, என் வீட்டுச் சாப்பாட்டு மேசை வரை வந்துவிட்டது. மனைவி இரண்டு தட்டையும் வைத்துவிட்டு, "சாப்பிட்டுட்டு அடிச்சுக்கோங்க" என்று போய் டிவி பார்த்தாள்.

சண்டை முடியவில்லை. நாளையும் வருகிறானாம். வரட்டும், நான் விடுவதாக இல்லை.