எதிரே ஒரு தையல் மெஷின்

செப்டம்பர் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்"னு வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டுக்குப் பாதிப் பாடம் ஆன்லைனில்தான். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், ஏன் பார்க்கவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். நானும் ஹாஸ்டல் அறையில் வீடியோவை ஓடவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் பச்சை டிக் விழுகிறது. எல்லாம் பச்சை, மண்டையில் ஒன்றுமில்லை. அழுகைகூட வரவில்லை. மாதக் கடைசியில் தேர்வு. கோட்டைவிட்டால் இந்தப் பருவமே போச்சு.

வீட்டில் நான் படிக்கும்போது நீங்கள் எதிரே தைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் சுவரைப் பார்த்தால் மெஷினை நிறுத்தி, "என்ன, மனக்கோட்டை கட்டறியா?" என்பீர்கள். தினமும் ஆறு மணிக்கு போன் செய்து அப்படித் திட்டுங்களேன்.

உங்கள்
தூங்குமூஞ்சி

செப்டம்பர் 9

அன்பு மகளுக்கு,

திட்டச் சொல்கிறாய். ஊரையே திட்டுகிற வாய்தான், இப்போது எழவில்லை.

பூசி மெழுகாமல் சொல்கிறேன். நீ போனதிலிருந்து நானும் தைக்கவில்லை. பள்ளிச் சீருடைத் துணியெல்லாம் வெட்டியபடி கிடக்கிறது. கேட்டு வருகிறவர்களிடம் மெஷின் ரிப்பேர் என்று சாக்குச் சொல்கிறேன். மெஷினுக்கு ஒரு கேடும் இல்லை. உன்னை நான் காவல் காக்கிறேன் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நீதான் என்னை உட்காரவைத்திருக்கிறாய் போல.

போன் வேண்டாம், கண்ணு. நீ "நல்லா இருக்கேன்" என்பாய், நானும் அதையே சொல்லித் தொலைப்பேன். இது கைக்கு வந்ததும் ஆறு மணிக்கு அங்கே நீ உட்கார். இங்கே நானும் உட்காருகிறேன். சும்மா உட்கார்ந்தாலும் சரி.

அப்பா

செப்டம்பர் 14

அப்பா,

உட்கார்ந்தேன். முதல் பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டேன். சுவர்ப் பக்கம்தான் கண் போனது. வீடியோவை நிறுத்தி, விட்ட இடத்தை மறுபடி பார்த்தேன். அரைப் பக்கம் குறிப்பு எழுதினேன், என் கையெழுத்துதான். சந்தோஷமெல்லாம் இல்லை. தேறுவேனா என்றும் தெரியவில்லை.

நீங்கள் உட்கார்ந்தீர்களா?

தூங்குமூஞ்சி

செப்டம்பர் 18

மகளே,

உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோக்கவே வெகுநேரம் ஆயிற்று. ஒரு சட்டைக்கு ஒரு கை வைத்தேன். அதற்குமேல் ஓடவில்லை.

இன்னொரு கை நாளை ஆறு மணிக்கு.

அப்பா