சுவருக்கு அப்பால் அப்பா

யமகாதா
பிப்ரவரி 12

அன்பு நிறைந்த சயோ அக்காவுக்கு,

கூரை விளிம்பில் தொங்கும் பனிக்கூர்கள் என் கையைவிட நீளமாகிவிட்ட இந்த நாட்களில் நீயும் அத்தானும் நலமா? கடிதத்தைப் பருவத்தைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். அதனால் அதை முதலில் முடித்துவிட்டேன். குழந்தை உதைக்கிறது என்று எழுதியிருந்தாயே, இப்போதும் உதைக்கிறதா?

மூன்று வாரமாகப் பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு. பிரசவத்துக்கு வீட்டுக்கு வரலாமா என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாய். ஒரு வரிக் கேள்விதான். ஆனால் நீ அத்தானோடு கிளம்பிய அன்று, இனிமேல் இந்த வாசப்படியை மிதிக்காதே என்று அப்பா சொன்னதும் ஒரு வரிதான். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். கடைசியில் உன் கடிதத்தை அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். தினமும் அங்கே ஊதுவத்தி ஏற்றுவது அப்பாதானே. மறுநாள் கடிதம் அதே இடத்தில் இருந்தது. ஆனால் நான் மடித்த மாதிரி மடித்திருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, "சனிக்கிழமை வெந்நீர் ஊற்றுக்குப் போறோம், பையை எடுத்து வை" என்றார். நாம் எப்போதும் தங்கும் அதே விடுதிக்கு. நீ போன பிறகு நாங்கள் அந்தப் பக்கமே போனதில்லை.

அங்கே எதுவும் மாறவில்லை, அக்கா. பணிப்பெண் மண்டியிட்டு, கதவை முதலில் ஒரு விரல்கடை, பிறகு பாதி, பிறகு முழுதாக என்று மூன்று தடவையாகத் திறக்கிறார். உள்ளே இருப்பவர்கள் முகத்தைச் சரிசெய்துகொள்ளத்தான் அந்த அவகாசம் என்று எனக்கு இந்தத் தடவைதான் புரிந்தது. சன்னலுக்குக் கீழே ஆறு, அதன் இரு கரையிலும் ஆள் உயரப் பனி. உப்பு தடவிச் சுடும் ஆற்றுமீனை இன்னும் நீந்திக்கொண்டிருப்பது போலவே வளைத்துக் குச்சியில் குத்துகிறார்கள். வெளிக்குளத்தில் கழுத்துவரை வெந்நீர், தலையில் பனி. ஊற்றுநீரிலுள்ள கந்தகத்தின் அந்த முட்டை வாசனை இரண்டு நாளாகியும் என் முடியில் இருக்கிறது. கழுவ மனம் வரவில்லை.

ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் கூரையைத் தொடாத அந்தப் பலகைச் சுவரை நீ மறந்திருக்க மாட்டாய். அப்பா அந்தப் பக்கத்திலிருந்து, "நான் கிளம்பறேன், நீங்க?" என்று கத்துவார். "பத்து எண்ணிட்டு வரோம்பா" என்று நீ பதில் கொடுப்பாய். பிறகு என்னைத் தோள்வரை அமுக்கி வைத்து எண்ணுவாய். ஏழுக்குப் பிறகு வேண்டுமென்றே மெதுவாக எண்ணுவாய்.

சனிக்கிழமை மாலை எங்கள் பக்கத்தில் என்னைத் தவிர ஒரே ஓர் அம்மாள்தான் இருந்தார். எனக்குத் தலை சுற்றியதால் சீக்கிரம் எழுந்து வந்து, உடை மாற்றும் அறையில் ஊற்றுநீரில் என்னென்ன உப்புகள் இருக்கின்றன என்று எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைக் குறிப்பேட்டில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் துண்டைத் தலையில் வைத்தபடி சிரித்துக்கொண்டே வந்தார்.

"நீதான் ஷியோரியா? உங்கப்பா சுவத்துக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து உன்கிட்ட பேசினாரு. நான் வாளியைக் கீழ வச்ச சத்தத்த நீன்னு நெனச்சுட்டாரு."

அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு சொல்லும் தவறக் கூடாது என்பது போல நிதானமாகச் சொன்னார்.

"'ஷியோரி, அக்காவுக்கு எழுதறப்ப இதையும் எழுது. மாடி அறை குளிரும். கைக்குழந்தைக்கு ஆகாது. கீழ என் அறைய எடுத்துக்கச் சொல்லு, நான் மேல போயிடறேன். மாப்பிள்ளையும் வந்தா வரட்டும்.' இவ்வளவுதான். நான், 'ரொம்ப நல்ல யோசனைங்க. ஆனா நான் ஷியோரி இல்ல, சகாதாவுல மீன் கடை வச்சிருக்கேன்'னு சொன்னேன். அதோட அந்தப் பக்கம் தண்ணிக்குள்ள முங்கற சத்தம்தான் கேட்டுது."

அந்த அம்மாள் கண்ணில் படக் கூடாது என்று அப்பா வெகுநேரம் தண்ணீரிலேயே இருந்திருக்கிறார். வேகவைத்த ஆக்டோபஸ் போலச் சிவந்துபோய்க் கூடத்துக்கு வந்தார். அவசரத்தில் பருத்தி அங்கியின் வலது மடிப்பை மேலே போட்டு, பிணத்துக்குக் கட்டுவது போலக் கட்டியிருந்தார். மீன் கடை அம்மாள் அங்கேயே உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இப்பவே கிளம்பிட்டீங்களா? பேரக்குழந்தையப் பாத்துட்டுப் போகக் கூடாதா?"

அப்பா குனிந்து பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, இடது மடிப்பை மேலே போட்டுக் கட்டிக்கொண்டார். பிறகு அந்த அம்மாளை நோக்கி இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். அப்பா அவ்வளவு ஆழமாக வணங்கி நான் பார்த்ததில்லை.

இன்றுவரை அவர் என்னிடம் இதைப் பற்றிப் பேசவில்லை. நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் நேற்றிலிருந்து மாடிப்படியில் அவருடைய புத்தகங்கள் ஒவ்வோர் அடுக்காக ஏறிக்கொண்டிருக்கின்றன. முதுகு வலிக்கிறது என்கிறார். உதவட்டுமா என்றால் வேண்டாம் என்கிறார். கணப்பையும் கீழேயே விட்டுவிட்டார். மேலே அவருக்குக் குளிருமே என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

அப்பா நேரில் எதுவும் சொல்ல மாட்டார், அக்கா. நீ வந்து நிற்கும்போது செய்தித்தாளைக்கூட விரித்துக்கொள்ளலாம். அதையும் ஒரு பலகைச் சுவர் என்று நினைத்துக்கொள். அந்தப் பக்கம் அவர் காத்துக்கொண்டிருப்பார். நீயும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும்.

பத்து எண்ணிவிட்டு வந்துவிடு. ஏழுக்குப் பிறகு மெதுவாக எண்ணாதே.

உன் தங்கை,
ஷியோரி