கடைசி மூன்று கேள்விகள்

ஜூலை 8, செவ்வாய்

ஓய்வு பெற்றபின் இன்றுதான் பள்ளிக்கூடப் படி ஏறினேன். என்னோடு பல வருஷம் வேலை பார்த்தவள் இப்போது தலைமை ஆசிரியை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் மதிப்பெண்களெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. உட்கார்ந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. "கணக்குன்னா உங்களுக்குச் சோறு தண்ணி வேண்டாமே, டீச்சர். கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

முக்கியமாக ஒரு பெண்ணைப் பற்றி. எட்டாம் வகுப்பு. பிறவியிலேயே கைகால் இறுக்கம், சக்கர நாற்காலி. கணக்கில் தேறுவதே இல்லை. மாதக் கடைசிக் கூட்டத்தில் அவளை எளிய பாடத்திட்டத்துக்கு மாற்றப் பார்க்கிறார்கள். போனால் மேல் வகுப்பில் கணக்கு எடுக்க முடியாது.

"நீ என்ன நினைக்கிற?"

"நினைக்கறதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்."

ஜூலை 9

மொத்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியவில்லை. காய்ச்சல் நூற்றிரண்டு என்று தெரிந்தால் போதுமா? எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டாமா? விடைத்தாள்களை வாங்கி, கேள்வி கேள்வியாகப் பிரித்துப் போட வேண்டும்.

ஜூலை 11

போட்டேன். விசித்திரம். அவள் எழுதியவற்றில் முக்கால்வாசி சரி. அதிக மதிப்பெண் உள்ள கடைசி மூன்று மட்டும் காலி. எல்லா வாரத் தேர்விலும் இதே கதை. தப்பு இல்லை, அடித்தல் இல்லை, வெறும் வெள்ளைத் தாள்.

கடைசியில் வருவது எப்போதும் வாழ்க்கைக் கணக்குகள். நீளமான வாக்கியங்கள். படித்துப் புரிந்துகொள்வதில் சிக்கலோ? தங்கையிடம் அப்படித்தான் என்று அடித்துச் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள். "ரத்தமே எடுக்காம ரிப்போர்ட் எழுதறியேக்கா" என்றாள்.

எடுத்துவிட்டால் போகிறது. செவ்வாய்க்கிழமைத் தேர்வில் கேள்விகளை இடம் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 16

வாழ்க்கைக் கணக்குகளை முதலில் வைத்ததும் எழுதிவிட்டாள்! இரண்டு சரி, ஒன்றில் கூட்டல் பிழை. இப்போது காலியாக இருப்பவை கடைசிக்குத் தள்ளிய பின்னக் கணக்குகள். அவளுக்கு அவை தண்ணி பட்ட பாடு.

ஆக, படிப்பதில் சிக்கல் இல்லை. நேரம்தான். ஆனால் இவளுக்கு அரை மணி கூடுதல் நேரம் உண்டே? கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தேர்வுக்கும் 'கூடுதல் நேரம்: ஆம்' என்றுதான் போட்டிருக்கிறது. பிறகு எப்படி?

ஜூலை 17

கூடுதல் நேரம் பெறும் பிள்ளைகள் அந்த வகுப்பில் நான்கு பேர். மூன்று பேரின் தாளிலும் கடைசிப் பக்கம் காலி. பார்வை குறைந்த பையன் ஒருவன் மட்டும் கடைசி வரை எழுதுகிறான். கெட்டிக்காரனா என்றால், அவள் அளவுக்கு இல்லை. அவனிடம் இருப்பது என்ன?

ஜூலை 22, செவ்வாய்

தேர்வு அறைக்கே போய் உட்கார்ந்தேன். பள்ளி விடும் மணி அடித்தது. மற்ற பிள்ளைகள் தாளைக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். இந்த நால்வரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே ஹாரன். அவள் பேனாவை மூடினாள்.

"இன்னும் நேரம் இருக்கேம்மா."

"வேன் வந்துடுச்சு, டீச்சர். அது இன்னொரு ஸ்கூலுக்கும் போகணும். என் சேரை ஏத்திக் கட்டவே நேரம் ஆகும். லேட்டானா எல்லாரும் என்னையே முறைப்பாங்க."

மற்ற இருவரும் அதே வேன்தான். அந்தப் பையன் தலை நிமிராமல் எழுதினான். அவனை அப்பா ஸ்கூட்டரில் கூட்டிப்போகிறார். "அவர் வெயிட் பண்ணுவாரு டீச்சர். வீட்டுக்குப் போனா வேலை சொல்வாங்கன்னு அவருக்கும் அவசரம் இல்ல."

அவளிடம் கேட்டேன், ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று.

"யாரும் கேக்கலையே. எக்ஸ்ட்ரா டைம் வேணுமான்னுதான் கேட்டாங்க. வேணும்னேன்." நாற்காலியைத் திருப்பியவள் நின்றாள். "கணக்கை எடுத்துடுவாங்களா, டீச்சர்?"

நாளைக்கே பேசுகிறேன் என்றேன். அரை மணி நேரம் குடுக்கறோம், குடுக்கறோம்னு எழுதி வெச்சிருக்கோம். அது வேனோட போயிட்டு இருக்கு!

ஜூலை 23

தலைமை ஆசிரியையிடம் சொன்னேன்.  வேனை நிறுத்தி வைக்க முடியாது, அடுத்த பள்ளிப் பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்றாள். "அப்ப அரை மணியை முன்னாடி குடு. மத்தவங்க பரீட்சை ரூமுக்கு வர்றதுக்கு முன்னாலயே இவங்க ஆரம்பிக்கட்டும்" என்றேன்.

"டைம்டேபிளைத் தொட்டா குளவிக் கூட்டுல கை வெச்ச மாதிரி, டீச்சர்."

"ஒரே ஒரு தேர்வு. அப்புறம் கொட்டட்டும்."

சிரித்தாள். சரி என்றாள்.

ஜூலை 26

மழை. செவ்வாய் எப்போது வரும்?

ஜூலை 31

நால்வரும் கடைசிப் பக்கம் வரை எழுதியிருக்கிறார்கள். அவள் தேறிவிட்டாள். தடபுடலான மதிப்பெண் ஒன்றும் இல்லை. கடைசிக் கேள்வி தப்பு. விகிதத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறாள். விகிதம் அவளுக்குத் தகராறு என்பதே இன்றுதான் தெரிகிறது. வெள்ளைத் தாளிடம் அதைக் கேட்டிருக்க முடியாது.

கூட்டத்தில் அவளுக்குக் கணக்கு இருக்கட்டும் என்று முடிவு. அரை மணியும் இனி முன்னால்தான். 'கூடுதல் நேரம்: ஆம்' என்பதற்குப் பக்கத்தில், பிள்ளைகள் எத்தனை நிமிடம் எழுதினார்கள் என்றும் இனிமேல் பதிய வேண்டும்.

வராந்தாவில் அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள். பிறகு தாளை என் முன்னால் நீட்டினாள்.

"கடைசி கணக்குல முதல் ரெண்டு ஸ்டெப் சரிதானே டீச்சர்? அதுக்கு மார்க்கே போடல."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். போடத்தான் வேண்டும்.