அம்மா இல்லாத கேசட்

ஓசூர்
25.6.1989

அன்புள்ள மகள் ஈசுவரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, மாப்பிள்ளை, குழந்தை கங்கா எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பா மாங்காய் இறக்க வேப்பனப்பள்ளி போய்ப் பத்து நாளாகிறது. போன வாரம் சானமாவு ரோட்டில் யானை நின்று கம்பெனி பஸ் வர ஒன்பதரை ஆகிவிட்டது, நான் வேலைக்குப் போன பதினோரு வருடத்தில் முதல் தடவையாக லேட் கையெழுத்துப் போட்டேன்.

உன் கடிதத்தில் அழுமூஞ்சிப் பாட்டையெல்லாம் குழந்தைக்கு ஏன் போட்டுக் காட்டுகிறாய் என்று கேட்டிருந்தாய். கூடவே, மூன்று தரமாகக் கேசட்டில் கங்கா ஒரு வார்த்தை பேசவில்லையே, என்னை மறந்துவிட்டாளா, அப்படியானால் வேலை ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்றைக்கு ஸ்டோர்ஸில் நட்டு கேட்டவருக்குப் போல்ட்டை எடுத்துக் கொடுத்தேன்.

மெஷின் பூட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் மேசைமேல் விட்டுப் போன அந்த ப்ளூஸ் என்கிற சோகப் பாட்டுக் கேசட்தான் உனக்குத் தெரியுமே. நம் வீட்டில் முதல் பி.ஏ. நான், ஆனாலும் ஆபீசில் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேச வாய் வராது, கேசட்டில் அந்த ஆள் பாடினால் மட்டும் புரிகிறது. சொன்னதையே இரண்டு தரம் சொல்கிறார், மூன்றாவது வரியில்தான் மனசில் இருப்பதைச் சொல்கிறார், நடுவில் கிட்டார் உம் கொட்டுகிறது. கங்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பால் வேணாம் அவ்வா, பால் வேணாம் அவ்வா, ஏடு மெதக்குது என்று இந்தப் பாட்டியிடம் பாடுவாள், நான் டம்ளரைத் தட்டிப் பதில் கொடுப்பேன். மாப்பிள்ளை, என்னங்க அத்தை, அந்தாளுக்கு வயித்து வலியா, ஒரு சோடா வாங்கிக் குடுங்க என்று கேலி பண்ணுகிறார். இருந்தாலும் துக்கத்தைப் பாட்டாக்கிக் குழந்தைக்குள் போடுகிறேனோ என்று எனக்கே பயம் இருந்தது.

உன்னோடு வேலை செய்யும் மாரம்மா லீவு முடிந்து நாளை காலையில் கிளம்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்பலாம் என்று இன்று மத்தியானம் பதிவு செய்ய உட்கார்ந்தோம். நீ பேசி அனுப்பியதைக் கேட்டுவிட்டு அதன் மேலேயே நாங்கள் பேசித் திருப்பி அனுப்புவதுதானே வழக்கம். சிவப்புப் பட்டனைத் தொட்டவுடன் கங்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அதட்டினேன். அழுகையோடு, நாம பேசினா அம்மா அழிஞ்சுபோகுதில்ல அவ்வா, போன வாட்டி அப்பா பேசினாரு, அப்புறம் போட்டா அம்மா இல்ல என்றாள். ஐந்து வயசுக்குத் தெரிந்தது எனக்கு உறைக்கவில்லையே ஈசுவரி. ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் சாத்திக் கிடக்கிறது. அவளே போய் அந்த ப்ளூஸ் கேசட்டை எடுத்து வந்து, இதுல அம்மா இல்ல, இதுல பேசறேன் என்று நீட்டினாள். மேலே எதுவும் பதிவாகாதபடி மூலையில் விட்டிருந்த ஓட்டையைக் காகிதம் வைத்து அடைத்துப் பட்டனை அழுத்தினேன், கை கொஞ்சம் தயங்கியது, பொய் சொல்ல மாட்டேன்.

அவள் பேசவில்லை, பாடினாள். அம்மா ப்ளேன் ஏறிப் போச்சு, அம்மா ப்ளேன் ஏறிப் போச்சு, வாங்கிக் குடுத்த செருப்பு சின்னதாயிருச்சு. பாடிவிட்டு நான் பதில் தட்டுவேன் என்று என் முகத்தைப் பார்த்தாள், எனக்குக் கை எழும்பவில்லை. அந்த இடத்தில் வெறும் இரைச்சல் கேட்கும், அது நான்தான்.

எனக்கு எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழக்கமில்லை. நீ போகிறேன் என்றபோதும் சரி என்று மட்டும்தான் சொன்னேன். இப்போது கேட்கிறேன், கையெழுத்துப் போடாதே, வந்துவிடு.

ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி. இந்தக் கேசட்டின் மேல் மட்டும் எதையும் பேசிவிடாதே.

உன் அம்மா
சரோஜம்மாள்